மிஸ்டு நர்சிங் கேர்: "தவறவிட்ட" வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

மிஸ்டு நர்சிங் கேர் (missed nursing care) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்டதற்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தவறவிட்ட பராமரிப்பு, விடுபட்ட பராமரிப்பு, செய்யாப் பணிவிடை, கவனிப்புக் குறைவு, செவிலியர் பிழை. கடைசிச் சொல்லை முதலிலேயே அடித்துவிட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. பாளையங்கோட்டையில் செவிலியர் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி முறை சொல்லித்தருகிறேன். மிஸ்டு நர்சிங் கேர் பற்றிய கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவருவதுதான் இப்போது கையில் இருக்கும் வேலை. நோயாளிக்குச் செய்தே ஆகவேண்டிய ஒன்று, முழுதாகவோ பாதியோ செய்யாமல் போவது, அல்லது நேரம் கடந்து செய்வது, இவ்வளவும் அந்தச் சொல்லுக்குள் வரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பியாட்ரிஸ் காலிஷ் 2006-இல் செவிலியர்களைக் குழுகுழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டபோது ஒன்பது வேலைகள் திரும்பத் திரும்ப வந்தன. நடக்கவைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, சாப்பாடு கொடுப்பது, நோயைப் பற்றி எடுத்துச் சொல்வது, வீட்டுக்கு அனுப்பும்முன் செய்யும் ஏற்பாடு, ஆறுதல், உடல் சுத்தம், உடலுக்குள் போன நீரும் வெளியே வந்த நீரும் எவ்வளவு என்று குறித்துவைப்பது, நிலைமை மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. மருந்து ஊசி இந்தப் பட்டியலில் இல்லை, பாருங்கள். ஊசி போடவில்லை என்றால் சார்ட்டில் தெரிந்துவிடும். வாய் கழுவிவிடவில்லை என்றால் எந்தச் சார்ட்டிலும் தெரியாது.

2009-இல் அவரும் உடன் ஆய்வாளரும் இதைக் கேள்வித்தாளாக்கினார்கள். முதல் பாதியில் 24 வேலைகள், அடுத்த பாதியில் 17 காரணங்கள். நாங்கள் தமிழாக்கியது இதைத்தான். முதல் வரைவில் "தவறவிட்டீர்கள்" என்றே போட்டிருந்தேன். அகராதி பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வரைவை ஒரு வார்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இரவுப் பணி, இரண்டு பேர், நாற்பது கட்டில். விடியப்போகும் நேரம், எனக்குத் தெரிந்த பிள்ளைதான் டூட்டியில் இருந்தது. டியூட்டி மேசையில் உட்கார்ந்து தாளை வாங்கிப் படித்தது. "நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதை எவ்வளவு அடிக்கடி தவறவிட்டீர்கள்?" என்ற வரியில் பேனா நின்றது.

"யக்கா, இதுல டிக் அடிச்சா எனக்கு மெமோ வராதுல்லா?"

பேர் எழுத வேண்டாம், யாருக்கும் காட்டமாட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு "ஒருபோதும் இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தது. அதற்கடுத்ததிலும் அதே. வரிசையாக ஒரே நேர்கோட்டில் டிக். அப்புறம் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அதாகவே சொன்னது:

"ஒம்பதாம் பெட்டு தாத்தாவ பன்னெண்டு மணிக்குத் திருப்பிப் போட்டேன். ரெண்டு மணிக்குத் திருப்பணும். அந்நேரம் பாத்து ஆக்சிடென்ட் கேஸ் வந்துட்டு. நாலரைக்குத்தான் அவர்ட்டப் போனேன். இடுப்புல செவந்து போயிக் கெடக்கு. அழுகையா வந்துட்டுக்கா."

"அப்ப இதுல தவறவிட்டேன்னு போடலாம்லா?"

"நான் தவறவிடலக்கா. எனக்குக் கை எட்டல."

பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில் இருந்தது. கை எட்டல. தாத்தாவை அது மறக்கவில்லை. வேலையை அலட்சியமும் செய்யவில்லை. இரண்டு மணி என்பது அதன் மனதில் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கை மட்டும்தான் போய்ச் சேரவில்லை. தமிழில் "தவறவிட்ட" என்றால் விட்டவர் ஒருவர் இருக்கிறார். கையிலிருந்ததை நழுவவிட்டவர். பஸ்ஸைத் தவறவிட்டேன், சாவியைத் தவறவிட்டேன். "தவறிய" என்று மாற்றினால் ஆள் மறைந்துவிடும், ஆனால் தவறு மறையாது. கடமை தவறிய, நெறி தவறிய என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது நமக்கு. இப்படி ஒரு சொல்லைக் கேள்வியில் வைத்துவிட்டு உண்மையைச் சொல் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? கேள்வித்தாள் முழுக்கப் பொய்யாகிவிடும். "செவிலியர் பிழை"யை அடித்ததும் இதனால்தான்.

"விடுபட்ட" அதைவிட நல்ல சொல். வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டது என்கிறோம், அதில் யார் மேலும் பழி இல்லை. ஆனால் தாமதத்தை அது தாங்காது. தாத்தாவை நாலரைக்குத் திருப்பிப் போட்டாகிவிட்டது, அப்படியென்றால் விடுபடவில்லை என்றாகிவிடும். புண் வந்ததோ அந்த இரண்டரை மணி நேரத்தில்.

அடுத்தது கேர். பராமரிப்பு என்று பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள். நூல்களிலும் அதுதான் இருக்கிறது, தெரியும். ஆனால் எங்கள் ஊரில் மாதம் ஒரு நாள் கரண்ட் போவதற்குப் பெயர் பராமரிப்புப் பணி. மோட்டாருக்கும் மனிதனுக்கும் ஒரே சொல் என்பது எனக்கு உறுத்துகிறது. பணிவிடை என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் ஆண்டைக்குச் செய்வது என்ற வாசனை அதில் இன்னும் இருக்கிறது. படித்து, பதிவு செய்து, ஒரு தொழிலாகச் செய்பவர்களின் வேலைக்கு அது பொருந்தாது. கவனிப்பு என்பதுதான் சனங்கள் வாயில் இருக்கும் சொல். "அங்கன நல்லாக் கவனிச்சாவ" என்றுதான் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். ஆனால் "கொஞ்சம் கவனிச்சிட்டுப் போங்க" என்றால் அலுவலக வராந்தாவில் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை மருத்துவமனை ஆராய்ச்சித் தாளில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பேணல் என்று வைத்துக்கொள்வோம் என்பது என் எண்ணம். உடல்நலம் பேணுதல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல். ஆக, நான் முன்வைப்பது "எட்டாப் பேணல்". அடித்துத் திருத்துங்கள்.

இது வெறும் சொல் ஆசை இல்லை. 2002-இல் செவிலியர் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் பர்ன் அவுட் ஆகும் (வேலை அழுத்தத்தில் நொந்து ஓய்ந்துபோகும்) வாய்ப்பு 23 சதவீதமும் கூடுகின்றன. நோயாளியின் கட்டிலும் செவிலியரின் மனமும் ஒரே கணக்கில்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கை நம் ஊரில் போடவேண்டும் என்றால், பிள்ளைகள் பயப்படாமல் டிக் அடிக்கிற மாதிரி ஒரு சொல் முதலில் வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து

———

மறுமொழி: எட்டாப் பேணல்

தங்கச்சி, வணக்கம்.

நான் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன், பாளையங்கால்வாய்க் கடைமடையில் கொஞ்சம் வயலும் உண்டு. உன் கடிதத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். இரண்டு கருத்து.

ஒன்று, எட்டா என்றதும் எட்டாக்கனி நினைவுக்கு வருகிறது. ஒருக்காலும் கிடைக்காதது என்று வாசிப்பவன் எடுத்துக்கொள்ளலாம். அதை யோசி.

இரண்டு, அந்தப் பிள்ளை சொன்னது எங்கள் பேச்சுத்தான். கார் பருவத்தில் தண்ணீர் குறைவாகத் திறந்தால் "கடைமடைக்கு எட்டல" என்போம். மதகு திறந்துதான் இருக்கும், வாய்க்காலில் தண்ணீரும் ஓடும், மேல்மடைக்காரன் களவு செய்தான் என்றும் சொல்ல முடியாது. வந்த தண்ணீர் அவ்வளவுதான். பயிர் வாடின பிறகு எட்டினாலும் எட்டாத கணக்குத்தான். ஆகவே உன் சொல்லுக்குள் தாமதமும் அடங்கும், அது சரி.

தண்ணீர் போதாத காலத்தில் முறை வைத்து விடுவார்கள். இந்தப் பிள்ளைகள் செய்வதும் முறைத்தண்ணீர் மாதிரித்தானே? அப்படி ஒரு சொல் வைத்தால் என்ன?

பர்ன் அவுட்டுக்கு யாரோ "எரிந்து தீர்தல்" என்று எழுதியிருந்தார்கள். அது மெழுகுவர்த்தி. நம் கண்ணுக்குத் தெரிவது வேறு. தண்ணீர் எட்டாவிட்டால் பயிர் கருகும். கருகல் என்று வையுங்கள். கருகிய பயிரைப் பார்த்து எவனும் பயிர் மேல் குற்றம் சொல்வதில்லை.

———

மறுமொழி: எட்டாப் பேணல், பணிக்கருகல்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கருகல் என்ற சொல்லுக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் பர்ன் அவுட்டைப் பற்றிச் சொன்னதும் இதையேதான். அது நோய் இல்லை, வேலையிடத்தோடு சேர்ந்த நிலை, நெடுநாள் தீராமல் கிடக்கும் பணியழுத்தத்தால் வருவது என்றார்கள். மனச்சோர்வு என்று எழுதினால் அது டிப்ரஷனுக்குப் போய்விடும், மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பணிக்கருகல் என்றால் எங்கே கருகியது என்பது சொல்லிலேயே இருக்கிறது. பர்ன் அவுட்டை அளக்கும் கிறிஸ்டினா மாஸ்லாக்கின் 1981 அளவுகோலில் மூன்று பகுதி உண்டு. உணர்ச்சி வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போவது, நாம் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. வற்றல், வாடல் எல்லாம் ஒரு குடும்பத்துச் சொற்கள், அதனால் கருகலோடு ஒட்டும். அந்த நடுப்பகுதிக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. நோயாளி பெட் நம்பராக மாறிவிடுவதுதான் அது. அந்தப் பிள்ளை "ஒம்பதாம் பெட்டு" என்றுதான் ஆரம்பித்தது, ஆனால் உடனே "தாத்தா" என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தத் தாத்தா வாயில் இருக்கும்வரை அது கருகவில்லை என்று நான் நம்புகிறேன்.

முறைத்தண்ணீர் பற்றி. சுவிட்சர்லாந்தில் மரியா ஷூபர்ட் குழுவினர் இதே விஷயத்தைப் பங்கீடு என்ற பெயரில்தான் ஆராய்ந்தார்கள், நம் ரேஷன்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது அண்ணாச்சி. முறைத்தண்ணீரை ஊர் கூடி வைக்கிறது. எந்த வயலுக்கு எந்த நாள் என்று எல்லாருக்கும் தெரியும், குறைந்தால் கேட்கலாம். வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு, தாத்தாவா ஆக்சிடென்ட் கேஸா என்று முறை வைப்பது ஒரே ஒரு பிள்ளை, தன் மனதுக்குள். யாரும் அதோடு உட்கார்ந்து பேசியதில்லை. சரி எது என்று தெரிந்தும் செய்யவிடாத நிலைமையில் படும் பாட்டை அறநெறி அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் மாரல் டிஸ்ட்ரஸ் என்றார். அதற்கு அறத்தவிப்பு என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். பங்கீடு என்ற சொல்லை ஷூபர்ட்டின் கருத்துக்கே விட்டுவிடுவோம், இரண்டையும் கலக்க வேண்டாம்.

எட்டாக்கனி சொன்னது நியாயம்தான். தலைப்புக்கும் கட்டுரைக்கும் எட்டாப் பேணல் இருக்கட்டும், கேள்விகளில் வினையாகவே கேட்டுவிடலாம். "திருப்பிப் படுக்கவைக்க உங்களுக்குக் கை எட்டாமல் போனது எத்தனை தடவை? நேரத்துக்கு எட்டாமல் பிந்தியது எத்தனை தடவை?" இப்படி எழுதினால் கனி நினைவு யாருக்கும் வராது.

இன்னொரு சிக்கலும் இதில் தீர்கிறது. நம் வார்டுகளில் சாப்பாடு ஊட்டுவதும் வாய் கழுவிவிடுவதும் பெரும்பாலும் கூட இருக்கும் ஆள்தான். மகளோ மருமகளோ கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார். காலிஷின் தாளில் அந்த மகளுக்கு இடம் இல்லை. "விடுபட்டதா" என்று கேட்டால் இல்லை, மகள் ஊட்டிவிட்டாள். "உங்களுக்குக் கை எட்டியதா" என்று கேட்டால் எட்டவில்லை. பக்கத்தில் ஒரு கட்டம் கூட்டி, "கூட இருந்தவர் செய்தார்" என்று போட்டுவிட்டேன். கூட ஆள் இல்லாத நோயாளிக்கு என்ன நடந்தது என்பது அப்போதுதான் தனியாகத் தெரியும்.

திருத்திய தாளை நேற்று அதே பிள்ளையிடம் காட்டினேன். டிக் கேட்கவில்லை, வாசிக்கத்தான் சொன்னேன். இரண்டாம் கேள்வியிலேயே, "இதுக்கு ஒரு மாசம்னு போட்டிருக்கியளே, ஒரு வாரம்னு போடுங்கக்கா, மாசம்லாம் நெனவு இருக்காது" என்றது. போன தடவை மெமோ வருமா என்று கேட்ட அதே பிள்ளை. மாற்றிவிட்டேன்.

24 வேலைகளில் 23-க்குச் சொல் கிடைத்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி. நோயாளியின் நிலைமை மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்குக் கண்காணிப்பு என்று எழுதினால் சிசிடிவி கேமரா மாதிரி இருக்கிறது. வார்டில் "ஒரு கண்ணு வச்சிக்கிடு" என்றுதான் டியூட்டி மாறும்போது சொல்லிவிட்டுப் போவார்கள். கண்வைத்தல் என்று எழுதலாமா, கண்ணேறு என்று எடுத்துக்கொள்வார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று தாளை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து