வாடிப்பட்டி தோப்பில் விலைக்கு நிற்கும் வில்லிஸ் ஜீப், ட்ரெய்லர்: பார்த்தவங்க சொல்றது

வண்டியை நேர்ல பார்த்தாச்சு. பச்சை பெயிண்ட் புதுசு. அதை வெச்சு விலை பேச வேண்டாம். கிரில்லில் 9 பிளவு இருக்கு, அது ரெண்டாம் உலகப் போர் கால ராணுவ ஜீப்போட அடையாளம்; சிவில் ஜீப்புன்னா 7தான். ஆனா கிரில்லை எவனும் மாத்திடலாம். அதனால குனிஞ்சு பாருங்க: ரேடியேட்டருக்குக் கீழ இருக்கிற குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயா இருந்தா வில்லிஸ் கம்பெனி செஞ்ச எம்பி மாடல், கவிழ்த்த பெட்டி மாதிரி இருந்தா அதே ஜீப்பை ஃபோர்டு செஞ்சது. இதுல குழாய்.

சந்தேகம் பின்தளத்துலதான். தளத்துக்கு அடியில ஓடுற சட்டத்துக்குள்ள மரக்கட்டை வெச்சுதான் அப்போ செஞ்சாங்க. மரம் ஈரத்தைக் குடிச்சு, தகரத்தை உள்ளிருந்தே அரிக்கும். மேல பளபளன்னு இருக்கும். கீழிருந்து ஸ்க்ரூடிரைவரால குத்தினா உள்ள போகும். இடது மூலையில காந்தம் ஒட்டவே இல்ல, ஓட்டையை மறைக்கப் பூசின பட்டி கனமா இருக்கு.

*

அண்ணே, வீலைப் பார்த்தீங்களா? இந்த ரிம் ரெண்டு துண்டு, சுத்தி 8 நட். காத்தை முழுசா இறக்கி, வால்வு ஊசியையும் கழட்டின பிறகுதான் அந்த எட்டைத் தொடணும். காத்தோட கழட்டினா ரிம் பிளந்து ஆளை அடிச்சுடும். பஞ்சர் கடைத் தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, அவங்க இந்த மாதிரி ரிம்மைப் பார்த்திருக்க மாட்டாங்க. வீலைக் கழட்டுற நட் நடுவுல இருக்கிற 5. இடது பக்கம் ரெண்டு வீலுக்கும் எதிர் மரை, வழக்கத்துக்கு மாறா வலது பக்கம் சுத்தினாதான் கழலும். தெரியாம பைப்பைப் போட்டு மிதிச்சா நட் மாட்டுற ஸ்டட் ஒடியும்.

ட்ரெய்லருக்கு ஹேண்ட் பிரேக் மட்டும்தான். ஓடும்போது அத்தனை பாரத்தையும் ஜீப்போட 9 இன்ச் டிரம்தான் நிறுத்தணும். அதுவும் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிஞ்சா நாலும் போச்சு. நாலு டிரம்மையும் கழட்டிப் பார்க்காம ரிங் ரோட்டுல ஏத்தாதீங்க. கொக்கியில மாட்டுற வளையத்தோட உள்பக்கம் தேய்ஞ்சு, வெல்டிங் வெச்சு நிரப்பியிருந்தா வேற வளையம் போடுங்க.

*

இன்ஜின் 2199 சிசி சைடு வால்வு. நாலு சிலிண்டர் கம்ப்ரஷனும் (உள்ளே எழும் அழுத்தம்) ஒண்ணுக்கொண்ணு 10 பவுண்டுக்குள்ள நிக்கணும். ஒண்ணு குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி அளங்க: ஏறினா பிஸ்டன் ரிங்ல கோளாறு, ஏறலன்னா வால்வுல. அப்புறம் ஒரு பால இறக்கத்துல செகண்ட் கியர்ல விட்டு, ஆக்சிலேட்டரை எடுங்க. கியர் தானா நியூட்ரலுக்கு விழுந்தா கியர் பாக்ஸை இறக்கி வேலை பார்க்கணும்.

பெட்ரோல் பம்ப்பும் எக்சாஸ்ட்டும் ஒரே பக்கம். சித்திரை வெயில்ல பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்னுடும். பம்ப் மேல ஈரத்துணி போட்டா அப்போதைக்கு ஓடும். பெட்ரோல் குழாயை எக்சாஸ்ட்டை விட்டு விலக்குறதுதான் வழி. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பம்ப்புக்குள்ள இருக்கிற பழைய டயாஃப்ரம், ரப்பர் ஹோஸ் ரெண்டும் ஊறிப் போகும், வாங்கின கையோட மாத்திடுங்க.

*

பேப்பரைப் பத்தி யாரும் சொல்லல. 50 வருஷம் தாண்டின வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ்னு பதியலாம்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இந்த வண்டி இடது ஸ்டீயரிங்கா வந்தது, இப்போ வலதுல இருக்கு. ஸ்டீயரிங்கை மாத்தினப்போ வெச்ச பிராக்கெட் வெல்டிங்கைப் போட்டோ எடுத்து ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டிக் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்க. ட்ரெய்லருக்குத் தனி ஆர்சி வேணும், அதையும் கேளுங்க.