அம்பாசிடர் மார்க் 2: இன்ஜின் வேலை முடிந்தும் சூடானதும் ஆயில் பிரஷர் இறங்குகிறது

மஞ்சக்குப்பம், கடலூர்:
தாத்தா 1972இல் வாங்கிய வண்டி. அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். மூன்று மாதம் முன்பு இறக்கி முழு வேலை பார்த்தோம். சிலிண்டர் போர் 20 தவ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ், புது பிஸ்டன், ரிங், கிராங்க் 10 தவ் கிரைண்டிங், புது பேரிங், புது ஆயில் பம்ப். 600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் கேஜ் 60 பிஎஸ்ஐ காட்டும். புதுச்சேரி போகும்போது தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம் நெரிசலில் நின்றால் ஐடிலில் 5க்கு வந்துவிடுகிறது. சத்தமோ புகையோ இல்லை. ஆயில் 20டபிள்யூ-50தான். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இசுசு இன்ஜின் மாட்டச் சொல்கிறார் மாமா. எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

முத்தியால்பேட்டை:
கேஜை முதல்ல சரிபாருங்க. வேற நல்ல கேஜ் ஒண்ணை மாட்டி சூட்டுல ரீடிங் எடுங்க. அப்புறம் பிரஷர் அதிகமானா ஆயிலைத் திருப்பி விடுற ரிலீஃப் வால்வு. பிளாக்கோட இடது பக்கம் பின்னாடி தொப்பி மாதிரி ஒரு நட் இருக்கும், அதைக் கழட்டினா ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் வரும். தூசி சிக்கியிருந்தா பிரஷர் நிக்காது.

நெல்லிக்குப்பம்:
தம்பி, குளிர்ல 60 வருதுன்னா வால்வு மூடுது, பம்பும் தள்ளுது. ஆயில் இளகினதும் எங்கேயோ இடைவெளியில ஒழுகுது. காம் புஷ், அதாவது காம்ஷாஃப்ட் சுத்துற பேரிங், மாத்தினீங்களா? பிளாக்கை எதுல கழுவினாங்க?

மஞ்சக்குப்பம்:
வேறு கேஜிலும் அதே 5தான் அண்ணே. போரிங் கடையில் ராத்திரி முழுக்கக் காஸ்டிக் சோடா தொட்டியில் போட்டிருந்தார்கள். காம் புஷ் நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்கள்.

நெல்லிக்குப்பம்:
அங்கதான் சந்தேகம். புஷ்ஷுக்கு உள்ளே இருக்கிறது ஒயிட் மெட்டல்ங்கிற மெத்தான உலோகப் பூச்சு, சூடான காஸ்டிக் அதை அரிச்சுடும். போரிங்குக்குக் கொடுக்கும் முன்னாடியே பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துடணும். இருந்தாலும் யூகத்துல இன்ஜினை இறக்காதீங்க. அடியில இருக்கிற ஆயில் சம்பைக் கழட்டுங்க. மூடின டப்பாவுல ஆயில் ஊத்தி, காத்தழுத்தம் கொடுத்து, பிளாக்குல ஆயில் போற வழியான கேலரிக்குள்ள விடுங்க. கிராங்கோட மெயின் பேரிங்லயும், கனெக்டிங் ராட் மாட்டுற பிக் எண்டுலயும் சொட்டுச் சொட்டா வந்தா சரி. காம் பக்கம் தாரையா ஊத்தினா புஷ்தான். மூணு புஷ்ஷு. ஆயில் துவாரம் பிளாக் துவாரத்தோட நேரா நிக்கணும். அடிச்ச பிறகு மூணையும் ஒரே கோட்டுல ரீமர் போட்டு உள்துளையை அளவுக்குக் கொண்டுவரணும், ஒவ்வொண்ணா தேய்க்கக் கூடாது. அதோட மெயின் பேரிங் இடைவெளியையும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டுற பிளாஸ்டிக் இழை) வச்சுப் பாருங்க, 2 தவ் பக்கத்துல இருக்கணும்.

லாஸ்பேட்டை:
இன்ஜின் மாற்றும் யோசனை பற்றி ஒரு வார்த்தை. இன்ஜின் எண் மாறினால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். மவுண்ட், கியர்பாக்ஸ் வேலையும் சேரும். 2021இல் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு, ஆனால் இன்ஜினும் சேசிஸும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். உங்கள் வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான். அதனால் அவசரப்பட்டு விண்ணப்பிக்கவும் வேண்டாம். அசல் இன்ஜின் இருக்கும்வரை இரண்டு வழியும் திறந்தே இருக்கும்.

மஞ்சக்குப்பம்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நெல்லிக்குப்பம் அண்ணன் சொன்னதுதான். நடு புஷ்ஷிலிருந்து ஆயில் தாரையாகக் கொட்டியது. இன்ஜினை இறக்கிப் பார்த்தால் புஷ்ஷின் உட்பக்கம் செதில் செதிலாக உரிந்திருந்தது. சென்னை புதுப்பேட்டையில் புது செட் கிடைத்தது. வேறு லேத்தில் கூடவே நின்று ரீமர் போட்டு வாங்கினேன். பேரிங் இடைவெளி சரியாகவே இருந்தது. உரிந்த துகள் எங்கும் தங்கிவிடக் கூடாது என்று கேலரி பிளக்குகளைக் கழட்டி உள்ளே பிரஷ் விட்டுக் கழுவினோம். நேற்று மத்தியான வெயிலில் அதே அரியாங்குப்பம் நெரிசல். ஐடிலில் 22, ஓட்டும்போது 50. மாமாவும் பக்கத்தில் இருந்தார், வழி நெடுக கேஜையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நெல்லிக்குப்பம்:
சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டர்ல ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க. ஹெட் நட்டை 40 அடி-பவுண்டுல திரும்ப முறுக்கி, டேப்பெட் இடைவெளியை 15 தவ் வச்சுடுங்க.