விசுவமடுவில் புது வீடு: நாதஸ்வரம், தவில் கேட்க எந்த செற் வாங்கலாம்?

விசுவமடு ரீச்சர்:

வணக்கம். எங்கள் வீட்டு ஹோல் 14 அடி நீளம், 11 அடி அகலம். சீமெந்துக் கல் சுவர், தரைக்கு ரைல்ஸ், மேலே சீற். சீலிங் இன்னும் அடிக்கவில்லை. அப்பாவுக்குப் பாட்டுக் கேட்க ஒரு நல்ல செற் வாங்கவேண்டும் என்று 120,000 ரூபா ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவர் கேட்பது நாதஸ்வரமும் தவிலும்தான். நாதஸ்வர வித்துவான் அளவெட்டி பத்மநாதனின் கசெற் சில வைத்திருக்கிறார், மிச்சத்தை நான் ஃபோனில் இருந்து போடுவேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் மேளக்காரருக்குப் பக்கத்திலேயே நிற்கிற மனிசன். இப்போது இருக்கிற புளூரூத் ஸ்பீக்கரில் தவில் தகரத்தில் தட்டின மாதிரிக் கேட்கிறது என்று நிற்பாட்டச் சொல்லிவிடுகிறார். கடையில் 5.1 ஹோம் தியேட்டர் ஒன்றைக் காட்டி, பத்தாயிரம் வாற்ஸ் என்கிறார்கள். எடுக்கலாமா?

மாங்குளத்தான்:

தங்கச்சி, அதை எடுக்க வேண்டாம். பத்தாயிரம் என்பது பி.எம்.பி.ஓ. கணக்கு, விற்பதற்காக எழுதுகிற இலக்கம். ஆர்.எம்.எஸ். வாற்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாற்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் ஹோலுக்கு ஒவ்வொரு பக்க ஸ்பீக்கருக்கும் 30 முதல் 50 வாற்ஸ் தாராளம். வாற்ஸை இரட்டிப்பாக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது சின்ன வித்தியாசம். அதோடு, அதே காசுக்கு ஆறு பெட்டி தருகிறவர் ஒவ்வொரு பெட்டியிலும் கை வைத்துத்தான் தருவார். அப்பாவுக்குத் தேவை இரண்டே இரண்டு நல்ல பெட்டி.

காசில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஆறரை அங்குல வூஃபரும் (அடிச்சத்தம் தருகிற பெரிய கூம்பு) ஒரு ருவீற்றரும் (கீச்சுச் சத்தம் தருகிற சின்னது) உள்ள, மரப் பெட்டியில் அடித்த, தூக்கினால் கனமான சோடியாகப் பாருங்கள். 8 ஓம் (மின்தடை), 87 அல்லது 88 டெசிபல் (ஒரு வாற்ஸுக்குத் தருகிற சத்தம்) என்று பின்னால் போட்டிருந்தால் சின்ன அம்பிளிஃபயரே போதும். பாவித்தது வாங்குவதில் தப்பில்லை. ஆனால் முன்வலையைக் கழற்றச் சொல்லி, வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெதுவாக அமத்திப் பாருங்கள். றப்பர் என்றால் நல்லது. பழைய ஃபோம் என்றால் எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் உக்கி, விரலில் கறுப்பு மாவாக ஒட்டும். அப்படி ஒட்டினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது சினிமாப் பாட்டை விட்டுவிட்டுத் தவிலையே போடச் சொல்லுங்கள். அதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது. வலந்தலையில், அதாவது தவிலின் வலப்பக்கத்தில், விரலில் மாட்டுகிற விரற்கூடு விழுகிற ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெறிக்க வேண்டும். தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், கழி விழுந்தால் அடி ஒன்று, அதன் பின்னால் வருகிற கும்காரம் வேறொன்று. இரண்டும் கலந்து ஒரே ஊதலாகக் கேட்டால் அந்தப் பெட்டி அப்பாவுக்குச் சரிவராது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் போகும்போது காது கூசினாலும் வேண்டாம்.

இனி உங்கள் ஹோல். செற்றைவிட எனக்கு அதில்தான் யோசனை. நடுவில் நின்று கையை ஒருதரம் பலமாகத் தட்டுங்கள். ரைல்ஸும் வெறும் சுவரும் உள்ள வீட்டில் தட்டிய பிறகு 'டிங்ங்' என்று ஓர் இழுவை கேட்கும். எவ்வளவு விலையான செற் வைத்தாலும் அந்த இழுவை தவிலுக்கு மேல் ஏறி உட்காரும். தரையில் மொத்தமான விரிப்பு, யன்னலுக்குப் பாரமான சீலை, அப்பா இருக்கிற கதிரைக்குப் பின்னால் உங்கள் புத்தக அலுமாரி. இவ்வளவும் செய்துவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். சீலிங்கையும் இந்தக் காசில் கொஞ்சம் எடுத்தாவது அடித்துவிடுங்கள் என்பேன். மழைக்குச் சீற்றில் விழுகிற சத்தத்தோடு எந்த ஸ்பீக்கரும் போட்டி போடாது.

ஸ்பீக்கர் இரண்டையும் 11 அடிச் சுவர்ப் பக்கம் வையுங்கள், நீளப்பாட்டுக்குச் சத்தம் போகட்டும். சுவரில் இருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னுக்கு. மூலைக்குள் தள்ளினால் தொப்பி மட்டும் வீங்கிக் கேட்கும். இரண்டு பெட்டிக்கும் இடையில் ஆறேழு அடி, அதே அளவு தூரத்தில் அப்பாவின் கதிரை. ருவீற்றர் அவர் காது மட்டத்துக்கு வரட்டும். ஸ்ராண்ட் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள், சீமெந்துக் கல்லை ஆடாமல் அடுக்கி, மேலே சைக்கிள் ரியூப் துண்டு வைத்துப் பெட்டியை ஏற்றுங்கள். அப்புறம் அப்பாவைக் கதிரையில் இருத்தி, பக்கச் சுவரோடு ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடவுங்கள். எந்த இடத்தில் அவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே ஒரு தடித்த துணி தொங்கவேண்டும்.

வயர் சுத்தச் செம்பாக 1.5 சதுர மில்லிமீற்றர் போதும். பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, இரண்டு பெட்டிக்கும் ஒரே மாதிரிப் பூட்டுங்கள். ஒன்று மாறினால் அடிச்சத்தம் மெலிந்து, நாதஸ்வரம் நடுவில் நிற்காமல் அலையும். அடையாளம் அழிந்த பழைய பெட்டி என்றால் வூஃபர் வயரில் ஒன்றரை வோல்ற் பற்றரியை ஒருகணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் தொட்ட பக்கம்தான் பிளஸ்.

மல்லாவி வயல்:

அண்ணை சொன்னதுக்கு மேல் ஒன்று. எங்கள் வயல் வாடியில் லைன் கரண்ட் இல்லை, சோலாரும் 12 வோல்ற் பற்றரியும்தான். அதில் நேரே ஓடுகிற, கரண்ட் குறைவாக இழுக்கிற கிளாஸ் டி வகைச் சின்ன அம்பிளிஃபயர் இருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 வாற்ஸ் அளவில் வரும். மலிவான இன்வேர்ட்டர் வைத்து ஓட்டினால் இரைச்சல் ஏறும், அதனால் நேரே பற்றரியில் கொடுப்பதுதான் நல்லது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். எங்கள் ஐயா இப்போதும் செய்தி நேரத்துக்கு முதலே பற்றரியைப் பார்த்துவிடுவார்.

விசுவமடு ரீச்சர்:

நன்றி அண்ணை. கை தட்டிப் பார்த்தேன், இழுவை நல்லாகவே கேட்கிறது. கிளிநொச்சியில் பாவித்த ஜப்பான் அம்பிளிஃபயர் ஒன்று பார்த்திருக்கிறேன், ஆள் வடிவாக வைத்திருக்கிறார். பின்னால் 100 வி, 50/60 எச்.இசட், 140 டபிள்யூ என்று போட்டிருக்கிறது. எடுக்கலாமா?

மாங்குளத்தான்:

எடுக்கலாம், ஆனால் அதை எங்கள் 230 வோல்ற்றில் நேரே குத்தினால் அன்றைக்கே எரிந்துபோகும். 230ஐ 100 ஆக்குகிற ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். 140 வாற்ஸ் இழுக்கிற செற்றுக்கு 300 வி.ஏ. (ட்ரான்ஸ்ஃபோமர் தாங்குகிற அளவு) அளவில் எடுங்கள், சூடேறாது. விலை பேசும்போது அந்தக் காசையும் கழித்துப் பேசுங்கள். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் பிளக்கை மாற்றிக் குத்தாதபடி ட்ரான்ஸ்ஃபோமரோடு சேர்த்து ரேப் சுற்றி, 100 என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

சத்தம் வைக்கிற குமிழை அடியில் இருந்து முடிவு மட்டும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் தூசிதான், கழுவித் திருத்தலாம். ஒரு பக்கச் ஸ்பீக்கரின் சத்தம் முழுதாக நின்றுபோனால் வாங்காமல் விடுங்கள். பாட்டு இல்லாமல் ஸ்பீக்கரில் காதை வைத்து 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பலமாகக் கேட்டால் கப்பாசிற்றர் போயிருக்கலாம். கசெற் டெக்கையும் கொண்டுவந்தால் ஹெட்டைத் துடைத்து, பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றித் தருகிறேன்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி குமுறத் தொடங்கினால் சுவிச்சை மட்டும் நூர்க்காமல் பிளக்கையே கழற்றிவிடச் சொல்லுங்கள் அப்பாவிடம். அன்ரனா வயர் இருந்தால் அதையும்.