சின்ஸா, ஃபாரா: கடை போர்டு விவகாரம்

குழு: பாத்திரக்கடைக் குடும்பம்

முரளி: [படம்]
முரளி: புது போர்டு டிசைன். ஆறு மணிக்குள் ஓகே சொன்னால்தான் வியாழக்கிழமை கைக்கு வருமாம். எல்லோரும் ஒருமுறை பாருங்க.

குமார் சித்தப்பா: அப்பா போட்டோ எங்கே?

முரளி: இடது மூலையில் இருக்கு சித்தப்பா. பெரிதாக்கிப் பாருங்க.

குமார் சித்தப்பா: அது சாமி படம் என்று நினைத்தேன்.

கமலா அத்தை பாண்டி: 😂😂 அழகா இருக்குடா

சரோ பெரியம்மா: முரளி, கீழே 'சர்விங் கடலூர் சின்ஸ் 50 இயர்ஸ்' என்று இருக்கிறதே, யார் எழுதியது?

முரளி: டிசைன் போடுற பையன்மா. ஊரெல்லாம் அப்படித்தானே இருக்கு.

சரோ பெரியம்மா: ஊரெல்லாம் இருந்தால் சரியாகிவிடுமா? 'சின்ஸ்' என்றால் பின்னால் ஆரம்பித்த இடம் வர வேண்டும். வருஷம், கிழமை, ஒரு சம்பவம், எதுவானாலும் சரி. சின்ஸ் 1974, சின்ஸ் மண்டே, சின்ஸ் தானே புயல். 'ஃபார்' என்றால் எவ்வளவு காலம் என்ற அளவு வர வேண்டும். ஃபார் 50 இயர்ஸ், ஃபார் டூ டேஸ். 50 வருஷம் என்பது அளவு. அதற்கு முன்னால் சின்ஸ் நிற்காது.

குமார் சித்தப்பா: 1974. கரெக்டா சொன்னீங்க அண்ணி 🙏

சரோ பெரியம்மா: அது உதாரணம், குமார்.

குமார் சித்தப்பா: உதாரணமே உண்மையாத்தான் வருது.

பெரியப்பா: 1979

கமலா அத்தை பாண்டி: ஆரம்பிச்சாச்சு

குமார் சித்தப்பா: 1974 வைகாசியில், பாடலீஸ்வரர் கோயில் தேர் அன்றைக்கு அப்பா தள்ளுவண்டி போட்டார். எவர்சில்வர் டம்ளரைக் குவித்து வைத்து நானும்தான் தள்ளினேன். அண்ணன் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா: தள்ளுவண்டி வேறு. கடை வேறு. அட்வான்ஸ் கொடுத்தது யார்

வித்யா: ஐயோ. போர்டுக்கு வாங்க.

முரளி: அப்போ 'வி ஆர் சர்விங் ஃபார் 50 இயர்ஸ்' போடட்டுமா?

சரோ பெரியம்மா: அதுவும் தப்பு. அன்று தொடங்கி இன்றும் நடப்பதைச் சொன்னால் 'வி ஹாவ் பீன் சர்விங்'. சின்ஸ் போட்டாலும் அதேதான். ஆனால் ஃபாருக்கு ஒரு சலுகை உண்டு. முடிந்துபோன காரியத்துக்கும் வரும். 'தாத்தா ரேன் த ஷாப் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் நடத்தினார், முடிந்தது. வரப்போவதற்கும் வரும். போன தீபாவளிக்கு நீ கடைக் கதவில் ஒட்டினாயே, 'க்ளோஸ்ட் சின்ஸ் டூ டேஸ்' என்று, அங்கே ஃபார்தான் போட்டிருக்க வேண்டும்.

குமார் சித்தப்பா: அப்பாவுக்கு மட்டும் முடிந்துபோன ஃபாரா அண்ணி?

சரோ பெரியம்மா: இலக்கணத்தைத்தான் சொன்னேன்.

நிஷா பாண்டி: ஹாய் எல்லாரும் 👋 பிரெஞ்சில் இந்தப் பிரச்சினையே இல்லை அத்தை. 'தெப்யூயி' ஒன்றுதான். தெப்யூயி 1974, தெப்யூயி 50 வருஷம், இரண்டும் சரி. அலியான்ஸில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள்.

வித்யா: ஹிந்தியிலும் அப்படித்தான். இரண்டுக்கும் 'ஸே'. என் ஆபீஸில் வடக்கத்திக்காரர்கள் எல்லோரும் 'சின்ஸ் டூ இயர்ஸ்'தான்.

சரோ பெரியம்மா: அவர்களுக்காவது ஒரு சாக்கு இருக்கிறது. நமக்கு என்ன? '1974லிருந்து' என்கிறோம், '50 வருஷமாக' என்கிறோம். '50 வருஷத்திலிருந்து கடை நடத்துகிறோம்' என்று யாராவது பேசுவோமா? வாயில் சரியாக வருவது போர்டில் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

குமார் சித்தப்பா: மணி அடிச்சாச்சா டீச்சர்?

பெரியப்பா: [பலமுறை பகிரப்பட்டது] ⚠️ எச்சரிக்கை!! இன்று இரவு கடலூர், புதுவையில் பயங்கரப் புயல்!! அனைவருக்கும் பகிரவும்

கமலா அத்தை பாண்டி: பெரியண்ணா நிஜமா? மாடியில் வடாம் காயுது

வித்யா: அத்தை, பொய். வானிலை மையம் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது.

குமார் சித்தப்பா: புயல் என்றதும்தான் ஞாபகம். பழைய போர்டில் அப்பாவே வருஷம் எழுதி வைத்திருந்தார். மஞ்சள் பெயிண்ட்.

முரளி: அது தானேயில் பறந்துபோச்சு சித்தப்பா. 2011 டிசம்பர் 30. நான்தான் தேடி எடுத்து வந்தேன். பாதித் தகடுதான் கிடைத்தது.

குமார் சித்தப்பா: அதில் வருஷம்?

முரளி: '19' வரைக்கும் இருந்தது.

நிஷா பாண்டி: 😭😭😭

குமார் சித்தப்பா: மீதி 74

பெரியப்பா: 79

வித்யா: அதனால்தான் சொல்கிறேன், வருஷமே வேண்டாம். சின்ஸ் போட்டால் வருஷம் கேட்கும். ஃபார் போட்டுவிடலாம். 'ஃபார் 50 இயர்ஸ்'.

சரோ பெரியம்மா: 79 என்றால் 50 ஆக 2029 வர வேண்டும்.

வித்யா: ஓ

கமலா அத்தை பாண்டி: அப்போ 50 எங்கேர்ந்து வந்தது

முரளி: பையனே போட்டான் அத்தை. பழைய கடைன்னு சொன்னேன், ரவுண்டா போட்டுட்டான்.

நிஷா பாண்டி: 'ஃபார் டெகேட்ஸ்' போடுங்க முரளி மாமா. எத்தனை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சரோ பெரியம்மா: இலக்கணப்படி சரி.

குமார் சித்தப்பா: இலக்கணத்துக்குச் சரி. அப்பாவுக்கு?

முரளி: சித்தப்பா, போட்டோவைப் பெரிசாக்கச் சொல்றேன்.

குமார் சித்தப்பா: எவ்வளவு பெரிசு

கமலா அத்தை பாண்டி: முரளி, திறப்பு அன்றைக்கு டிபன் யார்? போன தடவை மாதிரி பொங்கலில் மிளகு மட்டும் மிதக்கக் கூடாது

பெரியப்பா: அந்தச் சமையல்காரர் வேண்டாம்

குமார் சித்தப்பா: அவரைச் சொன்னது நான்தான்

கமலா அத்தை பாண்டி: தெரியும் குமார், அதான் கேட்டேன் 😄

முரளி: பையன் கடையைச் சாத்துகிறானாம். இப்போதைக்கு 'ஃபார் டெகேட்ஸ்' போடச் சொல்லிவிட்டேன். மேலே மூலையில் 'சின்ஸ்' போட்டு நாலு எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறான். வருஷம் முடிவானால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.

சரோ பெரியம்மா: ஒரே போர்டில் இரண்டுமா?

முரளி: தப்பாம்மா?

சரோ பெரியம்மா: தப்பில்லை.

குமார் சித்தப்பா: ஸ்டிக்கர் நான் வாங்கி வருகிறேன்.

பெரியப்பா: வேண்டாம்

கமலா அத்தை பாண்டி: டிபன் யாருன்னு யாராவது சொல்லுங்கப்பா