சிறு மேசை லேத்தில் 3 மி.மீ. தண்டைச் சீரான விட்டத்தில் கடைவது எப்படி?

கேள்வி: நீராவிப்பிரியன்

வணக்கம். ஒற்றை உருளை கொண்ட சிறு நீராவி எஞ்சின் ஒன்றை மேசை மீது வைக்கும் சீன மினி லேத்திலும் (அதிகபட்ச வேகம் 2500 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 2500 சுற்று), அதனுடன் இருக்கும் சிறு மில்லிங் இயந்திரத்திலும் செய்து வருகிறேன். உருளையும் பிஸ்டனும் மனநிறைவு தரும் அளவில் அமைந்துவிட்டன. வால்வுத் தண்டுதான் வழிக்கு வர மறுக்கிறது. 6 மி.மீ. இ.என்.1ஏ (எளிதில் கடையக்கூடிய மென்னெஃகு) கம்பியிலிருந்து 40 மி.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. விட்டத்தில் கடைய வேண்டும். முனையில் மட்டும் 5 மி.மீ. விட்டமுள்ள சிறு கழுத்து இருக்க வேண்டும்.

சக்கில் (கம்பியைப் பற்றிச் சுழற்றும் தாடைப் பிடி) மட்டும் பிடித்துக் கடைந்தபோது சக்கின் அருகே 3.00 இருந்த விட்டம் வெளிமுனையில் 3.4 ஆகிவிட்டது, மேற்பரப்பில் அதிர்வுக் கோடுகளும் விழுந்தன. டெயில்ஸ்டாக்கில் (சக்குக்கு எதிரே இருக்கும் தாங்கி) ரிவால்விங் சென்டர் (தண்டோடு சேர்ந்து சுழலும் கூர்முனை) கொடுத்துக் கடைந்தபோது சக்கின் அருகே 3.00, நடுவில் 3.04, சென்டரின் அருகே 3.05 என மைக்ரோமீட்டர் காட்டியது. இந்தத் தண்டு கிளாண்ட் பேக்கிங் (நீராவி கசியாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் பொருள்) வழியாக முன்னும் பின்னும் ஓட வேண்டியிருப்பதால், நீளம் முழுவதும் விட்டம் 0.01 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். டூல் (வெட்டும் உளி), கார்பைடு இன்செர்ட் (மாற்றக்கூடிய மிகக் கடினமான வெட்டுமுனை) பொருத்தியது. சக்கைத் தாங்கிச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கைக் கழற்றி நேர்ப்படுத்த வேண்டுமா, அல்லது இந்த அளவு துல்லியம் இவ்வகை இயந்திரத்துக்கு அப்பாற்பட்டதா?

பதில்: கோவைக்கடைசல்

ஹெட்ஸ்டாக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் தந்திருக்கும் அளவுகளிலேயே விடை பெரும்பாலும் இருக்கிறது. பிழை எந்த வடிவத்தில் விழுகிறது என்பதைப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

முதல் முயற்சியில் நடந்தது வெறும் வளைவு. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட 3 மி.மீ. எஃகுத் தண்டின் 40 மி.மீ. தள்ளியுள்ள முனையை ஒரு கிலோ எடையளவு விசையால் பக்கவாட்டில் தள்ளினால், அது ஏறக்குறைய 0.27 மி.மீ. விலகும், ஆரத்தில் ஏற்படும் இந்த விலகல் விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகத் தெரியும். உங்கள் 3.4 இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகிறது, விட்டம் பாதியானால் பதினாறு மடங்காகிறது. ஆதலால்தான் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீட்டிய எதற்கும் மறுமுனையில் தாங்கல் வேண்டும் என்று பட்டறைகளில் சொல்வார்கள்.

இரண்டாம் முயற்சியில் இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. 3.00இலிருந்து 3.05 வரை நேர்க்கோடாகக் கூடியிருந்தால் நடுவில் 3.025 இருக்க வேண்டும், நீங்கள் 3.04 கண்டிருக்கிறீர்கள். கூடுதலான அந்த 0.015 மட்டுமே நடுப்பகுதி வளைந்ததால் வந்தது. மறுமுனையைச் சென்டரில் தாங்கிய அதே தண்டின் நடுவில் அதே ஒரு கிலோ விசை கொடுத்தால் விலகல் 7 மைக்ரான் (0.007 மி.மீ.) அளவே என்பதால், இந்தக் கணக்கும் பொருந்துகிறது. எஞ்சியுள்ள 0.05 டேப்பர் (விட்டம் ஒரு முனையை நோக்கிச் சீராகக் கூடுவது), டெயில்ஸ்டாக் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) அச்சிலிருந்து 0.025 மி.மீ. பின்புறமாக, அதாவது உங்களைவிட்டு அப்பால், தள்ளியிருப்பதைக் காட்டுகிறது. டெயில்ஸ்டாக்கின் அடியிலுள்ள திருகுகளைத் தளர்த்தி, அதன் பக்கவாட்டில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவி) வைத்து, 25 மைக்ரான் உங்கள் பக்கமாக நகர்த்தி மறுபடி இறுக்குங்கள். இறுக்கும்போதே அது மீண்டும் நகரக்கூடும் என்பதால் கேஜை எடுத்துவிடாமல் இறுக்க வேண்டும்.

ஹெட்ஸ்டாக் நேராக இருக்கிறதா என்ற ஐயம் தீர வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சோதனை உண்டு. 25 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து, 70 அல்லது 80 மி.மீ. வெளியே நீட்டி, இரு ஓரங்களிலும் ஒரு வளையம் விட்டு நடுப்பகுதியைக் குறைத்துவிடுங்கள். பிறகு டெயில்ஸ்டாக் இல்லாமல், கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பலகை) அசைக்காமல், இரண்டு வளையங்களிலும் மிக மெல்லிய ஒரே வெட்டு ஓட்டி அளந்து பாருங்கள். அவ்வளவு தடித்த கம்பி வளையாது. ஆகவே வேறுபாடு தெரிந்தால் அது ஹெட்ஸ்டாக்குடையது. தெரியாவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பதில்: சிற்றுளி

மேலே சொல்லியிருப்பது முழுவதும் சரி. அந்த ஒரு கிலோ விசை ஏன் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அதைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கார்பைடு இன்செர்ட்டின் முனை பெரும்பாலும் 0.4 மி.மீ. ஆரத்தில் உருண்டிருக்கும். அந்த ஆரத்தைவிடக் குறைந்த ஆழத்தில், 0.05 என்று மெல்லியதாக ஓட்டும்போது, வெட்டும் வேலை முழுவதையும் உருண்டை மூக்கே செய்வதால், விசையின் பெரும்பங்கு தண்டை அப்பால் தள்ளுவதிலேயே செலவாகிறது. வேகமும் கார்பைடுக்குப் போதாது: 3 மி.மீ. விட்டத்தில் 2500 ஆர்.பி.எம். என்பது நிமிடத்துக்கு 24 மீட்டருக்கும் குறைவான வெட்டு வேகம். எஃகில் கார்பைடு கேட்கும் நூறு மீட்டரைத் தர வேண்டுமானால் ஸ்பிண்டில் பத்தாயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். ஆனால் அந்த 24 மீட்டர் எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. சிறு இயந்திரத்தில் எச்.எஸ்.எஸ். பழைய காலத்துப் பொருள் என்று ஒதுக்கப்படுவதை நான் ஏற்பதில்லை. இந்த அளவு வேலைக்கு அதுவே முதல் தேர்வு. பக்கவெட்டு முனையைத் தண்டுக்குச் செங்குத்தாக வைத்து, மூக்கை எண்ணெய்க்கல்லில் இழைத்து 0.1 மி.மீ. அளவுக்கே உருட்டிவிடுங்கள். 

டூலின் உயரத்தை மறக்க வேண்டாம். 20 மி.மீ. கம்பியில் மையத்துக்கு 0.1 மி.மீ. கீழே இருக்கும் டூல் அதன் வெட்டுக் கோணத்தை அரை டிகிரி அளவே மாற்றும், 2 மி.மீ. கம்பியில் அதே 0.1 ஏறக்குறைய 6 டிகிரி மாற்றிவிடும்.

கடைசி மைக்ரான்களுக்கு ஒரு வழி: காம்பவுண்ட் ஸ்லைடை (கிராஸ் ஸ்லைடின் மேல், கோணத்தில் திருப்பக்கூடிய சிறு பலகை) லேத்தின் நீள அச்சிலிருந்து 5.74 டிகிரி திருப்பி வையுங்கள். பிறகு அதை 0.1 மி.மீ. நகர்த்தினால் டூல் உள்ளே போவது 0.01 மி.மீ. மட்டுமே.

பதில்: பழையகம்பி

நண்பரே, அந்தத் தண்டை ஏன் கடைய வேண்டும் என்பதே என் கேள்வி. பேக்கிங்கில் ஓடும் தண்டுக்கு வேண்டியது சீரான விட்டமும் வழவழப்பான மேற்பரப்பும். இரண்டும் சாணை பிடித்த 3 மி.மீ. கம்பியிலேயே கிடைக்கின்றன. நீராவி படும் இடமாதலால் சில்வர் ஸ்டீல் எனப்படும் கார்பன் எஃகைவிடத் துருப்பிடிக்காத எஃகு நல்லது. 303 தரம் கடையவும் மரையிடவும் எளிது. கழுத்தைத் தனி வளையமாகக் கடைந்து, தண்டின் முனையில் எம்3 மரையிட்டு அதில் திருகி அமைத்துவிடுங்கள். மரையிடும்போது தண்டை மூன்று தாடைச் சக்கில் பிடிக்காமல் காலட்டில் (தண்டைச் சுற்றிலும் சீராகப் பற்றும் பிளவுக் குழல்) பிடிப்பது நல்லது. மையமும் தவறாது, சாணை பிடித்த மேற்பரப்பில் தாடைத் தழும்பும் விழாது.

மறுமொழி: நீராவிப்பிரியன்

மூவருக்கும் நன்றி. டெயில்ஸ்டாக்கை நகர்த்தி, எச்.எஸ்.எஸ். பிட்டை இழைத்துப் பொருத்திக் கடைந்ததில் 3.00, 3.01, 3.00 வந்துவிட்டது, இருந்தாலும் எஞ்சினுக்குச் சாணை பிடித்த கம்பியையே பயன்படுத்தப் போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். வெட்டு நீண்டால் சென்டர் இறுகித் தண்டு முனகுகிறது, இது எதனால்? தண்டின் மறுமுனையில், நிறுத்து திருகு உட்கார 6 மி.மீ. நீளத்துக்கு அரை மி.மீ. ஆழத் தட்டை முகம் ஒன்றை மில்லிங்கில் எடுக்க வேண்டும். மெல்லிய தண்டை எப்படிப் பிடிப்பது?

பதில்: கோவைக்கடைசல்

முனகல் வெப்பத்தால் வருவது. 40 மி.மீ. எஃகு 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 14 மைக்ரான் நீளும். சென்டர் இறுக்கமாக இருந்தால் நீள இடமில்லாமல் தண்டு வில்லாக வளையும், நடுவில் விட்டமும் மாறும். வெட்டும் எண்ணெய் கொடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் சென்டரைச் சற்றுத் தளர்த்தி, விரலால் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

தட்டை முகத்துக்கு, ஓர் அலுமினியத் துண்டில் வி வடிவப் பள்ளம் எடுத்து, தண்டை அதில் கிடத்தி வைஸில் பிடியுங்கள். தண்டின் வெட்டப்படும் முனை துண்டுக்கு வெளியே 7 மி.மீ.க்கு மேல் நீள வேண்டாம். 4 மி.மீ. எண்ட் மில்லை (நுனியிலும் பக்கத்திலும் வெட்டும் மில்லிங் கட்டர்), மேசை நகரும் திசைக்கு எதிராக அதன் பல் வெட்டும்படி ஓட்டுங்கள். சிறு இயந்திரங்களின் திருகுகளில் தளர்வு இருப்பதால், அதே திசையில் வெட்டினால் கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், 3 மி.மீ. தண்டு அந்த ஒரே இழுப்பில் வளைந்துவிடும். நகர்த்தாத அச்சுகளின் பூட்டுகளை இறுக்கி வைத்து, ஆழத்தை 0.1 மி.மீ. வீதம் கொடுத்து, முடிந்ததும் ஓரத்துப் பிசிறை மெல்லிய அரத்தால் எடுத்துவிடுங்கள். பிசிறு எஞ்சினால் தண்டைச் செருகும்போதே பேக்கிங்கைக் கீறிவிடும்.