‘ஸ்டால்’: இன்ஜின் நிற்பதில்லை, வேகமும் காரணமில்லை. தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்காகச் சிறு விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கான சொற்பட்டியலில் ‘ஸ்டால்’ மட்டும் இன்னும் இழுபறியாக நிற்கிறது. முன்பு வந்த இரண்டு பரிந்துரைகள் ‘நின்றுபோதல்’, ‘வேக இழப்பு’. இரண்டையும் தள்ளிவிடலாம் என்பது என் எண்ணம்.

முதலாவது வெளிப்படையான பிழை. கிளட்சைச் சட்டென்று விட்டால் கார் இன்ஜின் அணைந்துபோகிறதே, அதையும் ஸ்டால் என்றுதான் சொல்கிறோம். புதியவர் மனதில் முதலில் வருவதும் அதுதான். ஆனால் விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போதும் ஆகும், இன்ஜினே இல்லாத கிளைடரிலும் ஆகும்.

இரண்டாவது ஆபத்தான பிழை, ஏனென்றால் பாதி உண்மை. எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம், அதாவது தாக்குகோணம், ஒரு வரம்பைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து சுழலத் தொடங்கும், விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை குறையும். இதுதான் ஸ்டால். சாதாரணப் பயிற்சி விமானங்களில் அந்த வரம்பு 15 டிகிரியை ஒட்டியோ சற்று மேலோ இருக்கும். மெதுவாகப் பறக்கும்போது எடையைத் தாங்க மூக்கைத் தூக்க வேண்டியிருப்பதால் கோணம் கூடுகிறது. அவ்வளவுதான் வேகத்தின் பங்கு. ‘வேக இழப்பு’ என்று படித்தவர் வேகமானியில் 80 நாட் (மணிக்கு 80 கடல் மைல்) இருந்தால் பயமில்லை என்று நம்பிவிடுவார். அந்த 80-இலும் யோக்கை, அதாவது மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் பிடிக்கும் கைப்பிடியை, வெடுக்கென்று இழுத்தால் இறக்கை ஸ்டால் ஆகும்.

என் பரிந்துரை ‘தூக்கிழப்பு’. தூக்குவிசை குறைவதைச் சொல்கிறது.

—

ஐயா, விளக்கம் சரி, சொல்லில் சிக்கல் இருக்கிறது. ‘இழப்பு’ என்றால் முழுவதும் போய்விட்டதாகப் பொருள்படும். ஸ்டால் ஆன இறக்கையிலும் தூக்குவிசை கணிசமாக மிச்சமிருக்கும், எடையைத் தாங்கப் போதாது என்பதே பிரச்சினை. தவிர, ‘தூக்கு’ என்றால் தூக்குமரம் நினைவுக்கு வருகிறது. முதல் வகுப்பிலேயே வேண்டாமே.

பயிற்சி கொடுப்பவர் பார்வையில் சொல்கிறேன். இந்தச் சொல் எத்தனை இடத்தில் வரும் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். செஸ்னா 172எஸ் விமானத்தின் வேகமானி முகப்பில் வரைந்த பச்சை வில்லின் கீழ்முனை 48 நாட். முழு எடையில், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கி ஏற்றும் பலகை) ஏற்றிய நிலையில் ஸ்டால் வேகம் அது. வெள்ளை வில்லின் கீழ்முனை 40, முழு ஃபிளாப்பில். சாய்ந்து திரும்பினால் இந்தக் கணக்கு மாறும்: உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்வில் 48 என்பது ஏறக்குறைய 57 ஆகும். 60 டிகிரியில் இறக்கை இருமடங்கு எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி 68. ஆள் குறைந்து எடை குறைந்தால் எண்ணும் இறங்கும். ஆக ஸ்டால் வேகம், ஸ்டால் கோணம், ஸ்டால் எச்சரிக்கை, ஸ்டாலிலிருந்து மீள்வது என எல்லாவற்றோடும் ஒட்ட வேண்டும். வினையாகவும் வர வேண்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ஒரே மூச்சில் கத்திச் சொல்லவும் முடிய வேண்டும்.

‘பிடிவிடல்’ எப்படி? இறக்கை காற்றின் மேல் வைத்த பிடி விட்டுப்போகிறது. பிடிவிடு வேகம், பிடிவிடு கோணம்.

—

‘பிடிவிடல்’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரட்டைக் கட்டுப்பாட்டு விமானத்தில் ஓட்டும் பொறுப்பைக் கைமாற்றும்போது என்ன பேசுவோம்? ‘நான் பிடிச்சிட்டேன்’, ‘நீங்க விடுங்க’. அங்கே ஒருவர் ‘பிடிவிட்டது!’ என்று கத்தினால் மற்றவர் யோக்கை விட்டுவிடுவார். சில நேரம் அதனால் கெடுதல் வராது, ஒழுங்காக டிரிம் செய்த (கை அழுத்தம் இல்லாமலே நிலையாகப் பறக்கும்படி சரிசெய்த) விமானம் தானே மூக்கைத் தாழ்த்தும். தரையிறங்க மூக்கைத் தூக்கி டிரிம் செய்த நிலையில் முழு த்ராட்டிலும் (இன்ஜின் விசையும்) கொடுத்திருந்தால் கதை வேறு. மூக்கு இன்னும் மேலே ஏறும். கை யோக்கில் இருந்து, அழுத்தித் தள்ளியே தீர வேண்டும்.

வேறு மூன்று சொற்களையும் உரசிப் பார்த்தேன்.

‘தளர்வு’: ‘இறக்கை தளர்ந்துவிட்டது’ என்று தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதினால் மெக்கானிக் ஸ்பானரோடு ஓடிவருவார்.

‘திணறல்’: மூச்சு திணறுவது போல நல்ல படிமம்தான். ஆனால் தமிழில் திணறுவது எப்போதும் இன்ஜின். எந்தக் குழப்பத்தைத் தவிர்க்கக் கிளம்பினோமோ அங்கேயே கொண்டுபோய் விடும்.

‘உரிவு’: காற்று இறக்கையின் தோலிலிருந்து உரிந்து பிரிகிறது. இயற்பியலுக்கு இதுதான் மிக நெருக்கம். ஆனால் ‘உரிகோணம்’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘உரிய கோணம்’ என்று காதில் விழும். போகக்கூடாத கோணத்துக்கு உரிய கோணம் என்று பெயரா?

—

இலங்கையிலிருந்து ஒரு யோசனை. சிறகை எங்கள் பக்கம் செட்டை என்போம். செட்டையின் மேலே ஒழுங்காக ஓடிய காற்று ஒழுங்கு கெட்டுப்போவதுதான் விடயம். ஒழுங்கு கெடுவதற்கு நம்மிடம் பழைய வினை ஒன்று உண்டு: குலைதல். அணி குலைகிறது, கட்டுக் குலைகிறது, நிலை குலைகிறது. எதுவும் முற்றாக அழிந்துபோவதில்லை, சேர்ந்து நின்றது கலைகிறது. ‘இழப்பு’ மீது வைத்த ஆட்சேபம் இதற்குப் பொருந்தாது. குலைவு, குலைவேகம், குலைகோணம், குலைவு மீட்பு. ‘விமானம் குலைந்தது’ என்று வினையாகவும் வரும். முழுப் பெயராகக் ‘காற்றுக்குலைவு’ என்று வைக்கலாம்.

வாழைக்குலையோடு குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘தார்’ என்பதால் அங்கே பயமில்லை, இங்கே நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

—

‘குலைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘காற்றுக்குலைவு’ வேண்டாம். வெயில் நேரத்தில் விமானத்தைத் தூக்கிப்போடும் காற்றுக் கொந்தளிப்பைச் சொல்வதாகப் படிப்பவர் எண்ணுவார். குலைவது வானத்துக் காற்று அல்ல, நாம் கோணத்தைக் கூட்டியதால் இறக்கை மேல் ஓடும் காற்று. முழுப் பெயர் ‘இறக்கைக் குலைவு’, பேச்சில் ‘குலைவு’ மட்டும் போதும்.

ஒரு பயிற்சிப் பத்தியில் சொல்லை ஓட்டிப் பார்க்கிறேன். 172எஸ், இறங்கும் நிலைக் குலைவு:

> மீண்டு முடிக்கும்போது தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே போகாதபடி, 3,000 அடிக்கு மேல் தொடங்கவும். இரு பக்கமும் திரும்பிக் கீழேயும் சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று பார்க்கவும். த்ராட்டிலைக் குறைத்து, வேகம் 85 நாட்டுக்குக் கீழே வந்தபின் ஃபிளாப்பை 30 டிகிரி வரை படிப்படியாக இறக்கவும். 60 நாட் வாக்கில் த்ராட்டிலை முழுதும் மூடி, உயரம் இறங்காதபடி யோக்கை மெல்ல மெல்ல இழுக்கவும். முதலில் குலைவு ஊதல் கேட்கும். பிறகு யோக் தொளதொளக்கும், வால் அதிரும், மூக்கு தானே விழும். குலைந்தது. உடனே யோக்கை முன்னே தள்ளிக் கோணத்தைக் குறைக்கவும். முழு த்ராட்டில். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது பெடலால் (வால் சுக்கானைத் திருப்பும் கால்மிதி) நேராக்கவும். ஃபிளாப்பை 20-க்கு ஏற்றவும். விமானம் மேலேறத் தொடங்கியபின் மிச்சத்தை ஏற்றவும்.

நன்றாகவே ஓடுகிறது. இதில் வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. மூக்கு கீழே போனதும் பயந்து யோக்கை அவசரமாகத் திரும்ப இழுப்பார்கள், மறுபடி குலையும். ‘மறுகுலைவு’.

‘குலைவு ஊதல்’ என்று எழுதியது வேண்டுமென்றேதான். செஸ்னாவில் இடது இறக்கையின் முன்விளிம்பில் சிறு துளை இருக்கிறது. கோணம் கூடும்போது குறைந்த அழுத்தப் பகுதி அந்தத் துளை மேல் வந்து காற்றை வெளியே உறிஞ்சும், உள்ளே உள்ள நாக்கு ஆர்மோனிய நாக்குப் போலப் பாடும். மின்சாரம் தேவையில்லை. பறக்கும் முன் சோதிக்க, துளை மேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும். சத்தம் வராவிட்டால் பூச்சி கூடு கட்டியிருக்கலாம். பைப்பர் விமானங்களில் இது சிறு தகடும் மின்சுவிட்சும். அங்கே ‘ஊதல்’ பொருந்தாது, பொதுவாகக் ‘குலைவு எச்சரிக்கை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

—

ஏற்கிறேன். ‘தூக்கிழப்பை’த் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கூடவே ‘ஸ்பின்’ வந்து நிற்கிறதே? பட்டியலில் ‘சுழல்’ என்று இருக்கிறது.

—

‘சுழல்’ போதாது ஐயா. சுழன்று இறங்குவதில் இரண்டு வகை உண்டு, மீளும் வழி வேறு வேறு.

ஸ்பின் என்பது குலைவும் பக்கத் திருப்பமும் சேர்ந்தது. குலையாமல் ஸ்பின் இல்லை. ஒரு இறக்கை மற்றதைவிட ஆழமாகக் குலைந்து கீழே விழ, விமானம் அந்தப் பக்கமே சுற்றத் தொடங்கும். விழும் இறக்கையைத் தூக்க அய்லெரானை (விமானத்தைச் சாய்க்க இறக்கை நுனியருகே உள்ள அசையும் பலகை) திருப்புவதுதான் கையின் இயல்பு. அப்போது அந்த இறக்கையின் அய்லெரான் கீழே இறங்கி, அங்கே கோணத்தை இன்னும் கூட்டும். அதனால்தான் அந்த வேலையைப் பெடலுக்கு விட வேண்டும். ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசித் திருப்பத்தில் பாதையைத் தாண்டிவிட்டோமே என்று பெடலை அழுத்தி மூக்கை இழுப்பவர்கள் சிக்குவதும் இதில்தான். அந்த உயரத்தில் மீள இடமிருக்காது.

மற்றது ஸ்பைரல். அங்கே இறக்கை குலைவதே இல்லை. சாய்வும் வேகமும் ஏறிக்கொண்டே போகும்.

பிரித்தறிய வேகமானியைப் பார்க்க வேண்டும். முள் குறைவான வேகத்திலேயே நின்றால் ஸ்பின், விறுவிறுவென்று ஏறினால் ஸ்பைரல். ஸ்பின்னுக்கு த்ராட்டிலை மூடி, அய்லெரானை நடுவில் வைத்து, சுற்றுக்கு எதிர்ப்பெடலை முழுதும் அழுத்தி, யோக்கை விறுவிறுப்பாக முன்னே தள்ள வேண்டும். சுற்று நின்றதும் பெடலை நடுவுக்குக் கொண்டுவந்து மெதுவாக மூக்கைத் தூக்கலாம். ஸ்பைரலுக்கு த்ராட்டிலை மூடி, முதலில் சாய்வை நிமிர்த்தி, பிறகுதான் மூக்கு. சாய்வோடு இழுத்தால் சுருள் இறுகும், இறக்கை மேல் சுமை ஏறும்.

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயம் என்ற விதி 1949-இலேயே போய்விட்டது. ஸ்பின்னைக் கையால் தொடாமலே உரிமம் வாங்குகிறவர்கள் நிறைய. அவர்களுக்குப் பெயரே பாதிப் பாடம் சொல்ல வேண்டும். ஆகவே ஸ்பின் ‘குலைசுழல்’, ஸ்பைரல் ‘சுருள்பாய்ச்சல்’. முதல் பெயரில் காரணம் இருக்கிறது, இரண்டாவதில் வேகம் இருக்கிறது.

—

‘சுருள்பாய்ச்சல்’ நாக்கில் சிக்குகிறது. ‘சுருள்பாய்வு’ என்று குறைக்கலாமா? ‘குலைசுழலுக்கு’ என் பக்கம் மறுப்பில்லை, பட்டியலில் ஏற்றிவிட்டேன்.