அன்னாசி சாப்பிட்டால் முட்டி வலி குறையுமா?

மாம்பலம் அக்கா:
ஒரு மாதமாகக் காலையில் நாலு துண்டு அன்னாசி, சாயங்காலம் ஒரு கொய்யா. மாடிப்படி ஏறும்போது முட்டியில் இருந்த பிடிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. அன்னாசியில் புரோமலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, வீக்கத்தை அடக்குமாம். வலி மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் பழக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

பெரம்பூர் வாசி:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். புரோமலைன் இருப்பது உண்மை. ஆனால் அது நிறைய இருப்பது தண்டில். மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுத்துப் பார்த்ததெல்லாம் பிரித்தெடுத்த மாத்திரையாக, அதிலும் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை. நாலு துண்டில் அந்த அளவு எங்கிருந்து வரும்? இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் புரோமலைன் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மாம்பலம் அக்கா:
தண்டை நான் வீசுவதே இல்லை தம்பி, மிக்சியில் அடித்துவிடுகிறேன்!

பெரம்பூர் வாசி:
அது பழத்தின் நடுக்கட்டை அக்கா. நான் சொன்னது செடியின் தண்டு, அது தோட்டத்தோடு நின்றுவிடும், கோயம்பேடுக்கே வராது.

மாம்பலம் அக்கா:
சரி, அன்னாசியை விடுங்கள். கொய்யாவுக்கு என்ன சொல்வீர்கள்? 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்சில் 50 சொச்சம்தான். முட்டிக் குருத்தெலும்பில் இருக்கிற கொலாஜனை உடம்பு உண்டாக்க அந்தச் சத்து வேண்டுமா இல்லையா?

பெரம்பூர் வாசி:
வேண்டும். அதற்காகத் தேய்ந்த குருத்தெலும்பு கொய்யா சாப்பிட்டு வளர்ந்துவிடாது.

ராயபுரம்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு ஒரு ராத்திரி கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்தினார். யாரோ பழரசம் நல்லது என்று சொல்ல, தினமும் இரண்டு டம்ளர் சாத்துக்குடி ஜூஸ், அதுவும் சர்க்கரை போட்டு. கடைசியில் பார்த்தால் அது தேய்மானமே இல்லை, யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வருகிற வலி. பழத்திலும் சர்க்கரையிலும் இருக்கிற ஃப்ரக்டோஸ் உடம்பில் உடையும்போதே யூரிக் அமிலம் உண்டாகிறது, ஆக ஜூஸ் அவருக்கு எரிகிற அடுப்பில் விறகு வைத்த மாதிரி. பழமாகக் கடித்துத் தின்றால் இவ்வளவு மோசமில்லை. எந்த மூட்டு வலி என்று தெரியாமல் பழம் சொல்லாதீர்கள் அக்கா. செர்ரி இதற்கு நல்லது என்கிறார்களே என்று பேக்கரி பன்னில் இருக்கிற சிவப்பு உருண்டையை எண்ணி எண்ணித் தின்றார் பாவம், அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்!

மாம்பலம் அக்கா:
ஜூஸ் குடிக்கச் சொன்னது நான் இல்லையப்பா. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஜூசுக்கு எங்கள் வீட்டில் தடை.

பெரம்பூர் வாசி:
அக்கா ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இந்த ஒரு மாதத்தில் வேறு என்ன மாற்றினீர்கள்?

மாம்பலம் அக்கா:
பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் பஜ்ஜி, போண்டா வாங்குவதை நிறுத்திவிட்டுத்தான் கொய்யா. அப்புறம் பனகல் பார்க்கில் தினமும் ஐந்து சுற்று. எடை இரண்டரை கிலோ குறைந்திருக்கிறது.

பெரம்பூர் வாசி:
அதுதான் விஷயம்! உடம்பு கனத்து முட்டி தேய்ந்தவர்களை நடக்கவிட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. உங்களுக்குப் பத்து கிலோ இறங்கியிருக்கிறது, பெயர் மட்டும் அன்னாசிக்கு.

மாம்பலம் அக்கா:
அந்தப் பஜ்ஜியை விடவைத்தது யார் தம்பி, நீங்களா கொய்யாவா?